தாசையன் வைத்த பைப்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அச்சில் வாசிக்கிற உங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. பத்திரிகை அலுவலகத்தில் இதைத் தட்டச்சு செய்கிற அம்மாவுக்குத்தான் தெரியும். போன வாரம் அவர் போனில், "அண்ணாச்சி, இது எழுத்தா, எறும்பு செத்துக் கிடக்கா?" என்று கேட்டார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் எனக்குத் திட்டமாகத் தெரியாது. அவர்தான் திருத்திப் போடுகிறார்.

இந்த வாரம் என் எழுத்து இன்னும் மோசமாக இருக்கும். நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

காரணம் இதுதான். மூன்று வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் நான் ஒரு பொய் எழுதினேன். "குளியலறைத் தரைக்கு வாட்டம் கொடுப்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தண்ணீரைப் பார்த்துப் பார்த்து நானே கற்றேன்" என்று எழுதினேன். சில பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். ஒருவர் மட்டும் போன் செய்தார்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு குளியலறையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நின்ற தண்ணீர்

இருபது வருஷம் இருக்கும். இங்கே திருவனந்தபுரத்தில், ஸ்ரீகாரியத்தில் ஒரு மேட்டில் லலிதா டீச்சர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். மலையாளி; அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். காண்டிராக்டர் வைக்காமல் ஒவ்வொரு வேலைக்கும் தானே ஆள் பிடித்து, பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் பார்த்துக் கட்டினார். டைல்ஸ் வேலை எனக்கு. பைப் வேலை பாறசாலைக்காரர் தாசையனுக்கு.

கீழே உள்ள குளியலறையில் நான் டைல்ஸ் போட்டு முடித்து மூன்றாம் நாள். காலையில் டீச்சர் வந்து, ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினார்.

தண்ணீர் பரவியது. மூலையில் ஜாலி என்கிற ஓட்டைத் தகடு மூடிய குழிக்குள் கொஞ்சம் இறங்கியது. மீதி அசையவில்லை. தரை முழுவதும் கண்ணாடி போட்ட மாதிரி ஆகி, மேலே எரிந்த பல்பு அதில் தலைகீழாகத் தெரிந்தது. ஈரச் சிமெண்டு வாசனை அடித்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"செல்லத்துரை, இது எந்தா? வெள்ளம் அங்ஙனே நிக்குதே?" என்றார் டீச்சர்.

எனக்கும் புரியவில்லை. தாசையன்தான் சொன்னார்: "டீச்சரே, என் பைப்புல ஒண்ணும் இல்ல. தரையில வாட்டம் இல்ல. பொறவு தண்ணி எப்படிப் போவும்? அதுக்கென்ன காலா இருக்கு, நடந்து போவ?"

அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது, குளியலறைத் தரை சாய்வாக இருக்கவேண்டும் என்று. பத்து வருஷம் குளியலறை வேலை செய்தவன் என்று டீச்சரிடம் சொல்லித்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். உண்மையில் அது என் கையால் போட்ட முதல் குளியலறை.

மட்டமான இடம்

நான் பிறந்தது போனக்காடு தேயிலை எஸ்டேட்டில். தொழிலாளர் லயத்தில் பத்துக்குப் பத்து அறை. அங்கே மட்டமான இடம் என்று ஒன்றை நான் கண்டதில்லை. வாசலில் வைத்த தம்ளர்கூடச் சாய்ந்துதான் நிற்கும். பந்து கிடையாது எங்களுக்கு; இருந்தாலும் உருண்டு கொழுந்துக் காட்டுக்குள் போயிருக்கும். ஒரே அறையில் அஞ்சு வகுப்பு நடந்த பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதற்கு மேல் படிக்கவேண்டுமானால் மலை இறங்கவேண்டும். நான் இறங்கியது படிக்க அல்ல. எஸ்டேட்டில் சம்பளம் நின்றுபோன பிறகு வேலை தேடி இறங்கினேன்.

முதலில் ஓட்டலில் தட்டு கழுவினேன். பிறகு கழக்கூட்டத்தில் பிளாட்டுகள் எழும்பிய காலத்தில் மண் சுமந்தேன். அங்கே ஒரு நாள் ஒரு ஹாலில் டைல்ஸ் போட்டு முடித்திருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய இடம், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மட்டம். ஏரி மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பொறுக்கி, கட்டிடத்துக்குப் பின்னால் மணலில் போட்டுப் பார்ப்பேன். தூக்குச் சட்டியில் தண்ணீர் வைத்து, தண்ணீர் விளிம்பைப் பார்த்து மட்டம் பிடிப்பேன். கூலியில் மிச்சம் பிடித்து முதலில் வாங்கிய சாமான் ரசமட்டம். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் பச்சைத் தண்ணீர், அதில் ஒரு குமிழ். குமிழ் நடுவில் நின்றால் மட்டம்.

ஒரு குழுவில் சேர்ந்து மூன்று வருஷம் ஹாலும் படுக்கையறையும் மட்டும் போட்டேன். குளியலறைக்கு அங்கே வேறு ஆட்கள். அந்தக் கதவுக்குள் நான் போனதில்லை. போய்ப் பார்க்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. தரை என்றால் மட்டம் என்று நினைத்திருந்தேன்.

இதை எல்லாம் முன்பே இந்தத் தொடரில் பெருமையாக எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டது இனிமேல் வருவது.

நடுவில் நின்ற குமிழ்

தாசையன் சொன்னது சரி என்று தெரிந்தபிறகும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாக்குப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தேன். குமிழ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. குறுக்கே திருப்பி வைத்தேன். மறுபடியும் நடுவில்.

டீச்சர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது கறக்ட் ஆணல்லோ."

"டீச்சரே, கறக்டா இருக்குததுதான் தப்பு!" என்று தாசையன் கத்தினார்.

அதைக் கேட்டு டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் தாசையன் மாட்டிய சமையலறைக் குழாய் சொட்டியது. கேட்டதற்கு அவர், "புதுக் குழாயில்லா, பிள்ள மாதிரி கொஞ்சம் ஒழுகும்" என்று சிரித்திருந்தார். அவர் பேச்சே அப்படி. நான் பேசாதவன். புது ஆளைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கூச்சப்படுகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது எனக்கு எத்தனையோ தடவை உதவியிருக்கிறது.

"குழியைப் பொளிச்சு நோக்கு, தாசையா. அடைப்பு இருக்கும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

தாசையன் முனகிக்கொண்டே குழியைச் சுற்றி நாலு டைல்ஸை உடைத்தார். ஹோஸை உள்ளே விட்டுத் தண்ணீரைத் திறந்தார். கடகடவென்று இறங்கிய சத்தம் வெளிச்சுவர் வரை கேட்டது.

"கேட்டியா சத்தம்? எங்கவே இருக்கு அடைப்பு? டீச்சர் வந்தா நீ பாத்ததச் சொல்லு. அது போதும்."

"ம்" என்றேன்.

பிறகு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். கோபம் போய்விட்டிருந்தது. ஈரத் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "சுவத்துல இருந்து ஜாலி வரைக்கும் ஒரு விரல் தாழணும். நாலு பக்கமும் அதப் பாத்து எறங்கணும். உன் மட்டத்தக் கொண்டு போயி ஹால்ல வையி தொரை. பாத்ரூமுல குமிழு நடுவுல நின்னா, குடும்பமே வழுக்கி விழும்." எஸ்டேட்டிலிருந்து வந்தவன் என்பதால் அவர் என்னைத் தொரை என்றுதான் கூப்பிடுவார்.

இந்த ஒரு பாடத்தை வைத்துத்தான் நான் இருபது வருஷமாகப் பிழைக்கிறேன்.

சாயங்காலம் டீச்சர் வந்தார். கையில் குடை, திருத்துவதற்குப் பரீட்சைத் தாள் கட்டு. தாசையன் வாசலில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் அவரைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்: "அடைப்பு இருந்ததா?"

எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். பாக்கியத்தை அப்போதுதான் எஸ்டேட்டிலிருந்து கூட்டிவந்து ஒரு வாடகை அறையில் வைத்திருந்தேன். இந்த வீட்டில் குட்டு உடைந்தால் மறுபடியும் மண் சட்டிதான். இதெல்லாம் காரணமா என்று கேட்டால், இல்லை. அப்போது இதை எல்லாம் நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"கொஞ்சம் சிமெண்டுக் கட்டி இருந்துச்சு டீச்சர்."

தாசையன் பையைக் கீழே போட்டார். "கட்டியா? எங்கவே கட்டி? எடுத்துக் காட்டுவே!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிந்த தலையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. டீச்சர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்.

"கண்டோ தாசையா, கூடப் பணி செய்யுறவன் பேர் கெடுதேன்னு அவன் தலை குனிஞ்சு நிக்கிறான். உனக்கு வேண்டி அவனுக்கு நாணம். உனக்கு இல்லை."

தாசையன் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் இறங்கிப் போனார்.

மறுநாள், இடித்ததில் மற்ற டைல்ஸும் இளகிவிட்டது என்று இன்னொரு பொய் சொல்லி, தரை முழுவதையும் பெயர்த்தேன். சுவரிலிருந்து ஜாலிக்கு ஒரு விரல் தாழ்த்தி, நாலு பக்கமும் இறக்கிப் போட்டேன். டீச்சர் மறுபடியும் வாளியைக் கவிழ்த்தார். தண்ணீர் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஓடிப்போய் விழுந்தது.

"அடைப்பு மாறினதும் எத்தனை சுகமா போகுது பார்!" என்றார்.

பால் காய்ச்சிய நாள்

இங்கே புது வீட்டில் பால் காய்ச்சுகிற அன்றைக்கு வேலை செய்தவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஆசாரி, கொத்தனார், டைல்ஸ்காரன், பைப்புக்காரன், வயரிங்காரன் என்று ஒவ்வொருவருக்கும் வீட்டுக்காரர் கையால் புது வேட்டி, இங்கே முண்டு என்பார்கள், கொடுப்பார். சொந்தக்காரர்கள் காத்திருக்க, முதல் பந்தியில் எங்களுக்கு இலை போடுவார்கள். வருஷம் முழுவதும் வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அன்றைக்கு நமக்குப் பரிமாறுவார்கள். ஒரு தொழிலாளிக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

டீச்சர் என் கையில் முண்டு வைத்தபோது நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எனக்குப் பக்கத்து இலையில் வயரிங்காரர். தாசையனைக் கூப்பிடவில்லை. "ப்ளம்பர் எங்கே?" என்று ஆசாரி கேட்டார். "அவனைப் பற்றி மிண்டண்டா" என்று டீச்சர் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார். நான் பாயசத்தை ஊதிக் குடித்தேன்.

அதற்கு அடுத்து டீச்சரின் தங்கை வீடு. அந்த வீட்டின் பைப் வேலை தாசையனுக்கு என்று முன்பே பேசியிருந்தார்கள். வேறு ஆளைப் போட்டார்கள். டைல்ஸ் வேலை எனக்கு வந்தது. பிறகு டீச்சரின் பள்ளிக்கூட சிநேகிதிகள் இரண்டு பேர் வீடு. அங்கிருந்து கழக்கூட்டத்துப் பிளாட்டுகள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் பழைய குளியலறையை உடைத்துப் புதிதாகப் போடச் சொல்வார்கள். இன்றைக்கு என்னிடம் எட்டு பேர் வேலை செய்கிறார்கள். டைல்ஸ் கடைகளில் என் நம்பரைக் கொடுக்கிறார்கள். செல்லத்துரை போட்ட பாத்ரூமில் தண்ணீர் நிற்காது என்று ஒரு பேர் இருக்கிறது.

தாசையனுக்கும் ஒரு பேர் வந்தது. கட்டி தாசையன். ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்கு ஆள் போவதற்கு முன்னால் பேர் போய்விடும். ஒரு பிளாட்டில் நான் குனிந்து டைல்ஸ் இடுக்குக்குப் பூச்சு கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் இரண்டு பேர் பேசினார்கள். "பாறசாலையில் ஒருத்தன் உண்டு, விளிக்கட்டா?" "ஆரு, கட்டி தாசையனா? வேண்டா, மோனே!" இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் விரலை எடுக்காமல் அந்த இடுக்கைக் கடைசி வரைக்கும் பூசி முடித்தேன்.

கொஞ்ச காலத்தில் அவர் நகரத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்ற பயம்.

படிக்காத தொழிலாளிகளுக்குச் சோதனை வைத்துச் சான்றிதழ் தருகிற ஓர் இடத்துக்கு ஒரு தடவை போயிருந்தேன். என் வேலையைப் பார்த்துவிட்டு, "யாரிடம் படித்தது?" என்று கேட்டார்கள். "யாரும் இல்ல சார், தானா படிச்சேன்" என்றேன். கைதட்டினார்கள். அதற்கப்புறம் கேட்கிறவர்களிடம் எல்லாம் அதையே சொன்னேன். உங்களிடமும் சொன்னேன்.

போன்

"தொரையா?" என்றது குரல். உடனே தெரிந்துவிட்டது.

"அண்ணே..."

"நல்லா எழுதுகடே. எங்க பக்கத்து வீட்டுல இந்தப் புக்கு வாங்குவாங்க. வாசிச்சேன். ஒரு சந்தேகம், அதான் விளிச்சேன். அந்தத் தண்ணியப் பாத்துப் பாத்துப் படிச்சது எந்த வீட்டுல?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். அவர் வைத்துவிட்டார்.

பாக்கியம் அடுப்படியிலிருந்து வந்து, "யாருங்க? முகம் இப்படி ஆயிட்டு?" என்றாள். அவளிடம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "டீச்சர் குடுத்த முண்ட உடுத்திக்கிட்டுத்தான நாம மொத ஓணத்துக்கு ஊருக்குப் போனோம்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பாறசாலைக்குப் போனேன். தாசையன் முற்றத்தில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. ஊருக்குள் கிணற்று மோட்டாரும் குழாயும் சரிசெய்து காலம் தள்ளுகிறார்.

"வா தொரை. எஸ்டேட்டு மலையில இருந்து எறங்கி வந்திருக்கு! தண்ணி குடிக்கியா? பயப்படாத, தொண்டையில வாட்டம் உண்டும், எறங்கும்."

"அண்ணே, தப்பு எம்மேல. கட்டி ஒண்ணும் இல்ல. நான்தான்..."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "எங்கிட்டயா சொல்லுக? எனக்கு அன்னைக்கே தெரியும்லா. தெரியாத ஆளுகிட்டப் போயிச் சொல்லுவே."

இரண்டு தம்ளர்

லலிதா டீச்சர் ஓய்வு பெற்று அதே வீட்டில்தான் இருக்கிறார். முட்டுவலி. "செல்லத்துரையா! வா, வா, உன் தரைக்கு இப்பவும் குறையொண்ணும் இல்ல" என்றார். அந்தச் சொல்லிலேயே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. உட்காராமல், சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் கையை வீசினார். "இருபது கொல்லம் ஆச்சு. இப்ப எதுக்கு?" பிறகு மெதுவாக எழுந்து குளியலறைக் கதவைத் திறந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கணக்கு டீச்சர் நான். ஒரு குமிழைப் பார்த்து ஒருத்தனுக்கு விதி எழுதிட்டேன். எத்தனை பேர்கிட்ட சொன்னேன், உனக்கு அறியாமோ? என் தங்கச்சி, ஸ்கூல்ல எல்லாரும்... அவனைக் கூட்டிட்டு வா."

அங்கிருந்தே போன் செய்தேன். தாசையன், "நான் எதுக்கு வரணும்? வீட்ட விட்டு எறக்கி விட்டது அவங்க" என்றார். அதை அப்படியே டீச்சரிடம் சொன்னேன். "அது ஞாயம். வண்டி பிடி" என்றார்.

பாறசாலை வரை அவர் பின் சீட்டில் தனியாக வந்தார். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

தாசையன் துண்டால் நாற்காலியைத் துடைத்து உள்ளே ஃபேனுக்கு நேராகப் போட்டார். டீச்சர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறினார். நானும் படியில் கால் வைத்தேன். "நீ அங்ஙன நில்லு" என்றார் தாசையன்.

முற்றத்தில் பிரித்துப்போட்ட மோட்டார் பக்கத்தில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு தடவை தாசையன் குரல் உயர்ந்தது. பிறகு வெகுநேரம் டீச்சர் குரல் மட்டும். தாசையன் மனைவி சாயா கொண்டு போனார். தட்டில் இரண்டு தம்ளர்.

டீச்சரை வண்டியில் ஏற்றிவிட்டுத் தாசையன் என் பக்கம் வந்தார்.

"டீச்சர் வந்து சொல்லியாச்சு. நீ எப்பம் சொல்லுவ?"

"சொல்லிட்டேனே அண்ணே."

"ரெண்டு பேருகிட்டச் சொன்ன. பொய்ய எத்தன பேருகிட்டச் சொன்ன? அந்தப் புக்குல எழுதுனல்லா, அதுலயே எழுது. என் பேரப் போடு."

"மன்னிச்சிருங்கண்ணே."

"அதப் பொறவு பாப்போம். மொதல்ல எழுது."

டீச்சரும் தன் பேரைப் போட்டே எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

ஸ்ரீகாரியத்தில் லலிதா டீச்சர் வீட்டின் கீழ்க் குளியலறையில், பாறசாலை தாசையன் வைத்த பைப்பில் அடைப்பு எதுவும் இருக்கவில்லை. சிமெண்டுக் கட்டி என்று ஒன்று கிடையாது. தரைக்கு வாட்டம் இல்லை. அந்தத் தரையைப் போட்டவன் நான். வாட்டம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தந்தவர் தாசையன்.

திருவனந்தபுரம், ஆடி மாதம், மூன்றாம் சனிக்கிழமை.